வடம் பிடிப்பவர் கவனத்துக்கு!

டிசம்பர் வந்தால் மயிலாப்பூர்வாசிகளுக்கு சபா கேன்டீன் ஞாபகம் வரும். எனக்கு ரெக்கவரி வண்டி ஞாபகம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்ததே, அப்போது அடையாறில் மைத்துனர் வீட்டு வாசலில் நின்ற என் கார் படகாக முயற்சி செய்து, தோற்று, வடிகால் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு விட்டது. மூன்றாம் நாள்தான் ரெக்கவரி வண்டி வந்தது.

"எவ்வளவுப்பா?" என்று பேரத்தை ஆரம்பித்தேன். டிரைவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விஞ்சிலிருந்து இரும்புக் கேபிளை உருவித் தெருவில் போட்டு, ஜோசியர் கைரேகை பார்ப்பது போல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"என்னப்பா தேடறே?"

"வியாதி சார்."

அந்தக் கேபிளும் கபாலி கோயில் தேர் வடத்துக்கு உறவுதான். நடுவே ஒரு கரு, சுற்றிலும் பெரும்பாலும் ஆறு புரிகள், ஒவ்வொரு புரியிலும் பல மெல்லிய எஃகுக் கம்பிகள். அவை உரசித் தேயாமலிருக்க உள்ளே எண்ணெய்ப் பசை. வெள்ளத்தில் வேலை செய்துவிட்டு ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துரு உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே சர்க்கரை வியாதி!

வைத்தியத்தையும் அவரே சொன்னார். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போட வேண்டும். திரும்ப டிரம்மில் சுற்றும்போது கொஞ்சம் இழுப்பு கொடுத்து வரிசையாகச் சுற்ற வேண்டும். தொளதொளவென்று சுற்றினால், அடுத்த முறை பாரம் ஏறும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து நசுங்கும். எவ்வளவு நீளம் இழுத்தாலும் ஐந்து சுற்றாவது டிரம்மில் மிச்சமிருக்கணும். பாரத்தைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிதான், நுனியை மாட்டியிருக்கும் ஸ்குரூ அல்ல.

கொக்கியிலிருந்து பத்தடியில் கேபிள் மடங்கியிருந்தது. நாலைந்து கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"சுத்தியலால தட்டி நிமிர்த்திடேன்."

"நிமிரும் சார். போன பலம் திரும்பாது."

"ஒரு முடிச்சு..?"

"முடிச்சு போட்ட இடத்துலதான் முதல்ல அறும்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "அறுந்தா சாட்டை மாதிரி வரும் சார். எங்க மேஸ்திரி அப்படித்தான் போனாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேபிளுக்குப் பக்கத்தில்தான் தெருவே காபி டம்ளரும் குழந்தையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் வேறு கேபிள் வரவழைத்து மாட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வந்த இரண்டு வாடகையை போனிலேயே வேண்டாம் என்றார். எல்லோரையும் கேபிளின் நீளத்துக்கும் அப்பால் விரட்டினார். நடுக் கேபிளில் ஓர் ஈரச் சாக்கைப் போட்டார். அறுந்தாலும் வேகம் குறையுமாம். அப்புறம்தான் இழுத்தார். கார் சாதுவாக வெளியே வந்தது.

செயற்கை இழைக் கயிறும் வந்திருக்கிறதாம். எடை குறைவு, அறுந்தாலும் இரும்பு அளவுக்குச் சாட்டையடி இல்லை. ஆனால் வெயிலும் கூரான விளிம்பும் அதற்கு ஆகாது.

கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். நான் பேரம் பேசவில்லை என்பதை மட்டும் வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை!