டீ குடிக்க நிறுத்தினானா, டீ குடிப்பதை நிறுத்தினானா?

"தமிழ்ல யோசிக்காதீங்க." ஆங்கில வகுப்புக்குள்ள நுழைஞ்சா முதல்ல காதில் விழுறது இதுதான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பிச்சு, பி.காம், அப்புறம் வங்கித் தேர்வுக் கோச்சிங் வரைக்கும் விடாது. பொதுவா நல்ல அறிவுரைதான். ஆனா இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட் விஷயத்தில் மட்டும் இது சுத்தத் தலைகீழ் அறிவுரைங்கிறது என் கட்சி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னாடி இன்னொரு வினை வரும்போது அதை "டு கோ"ன்னு போடுறதா, "கோயிங்"னு போடுறதா என்பதுதான் பிரச்சினை. முன்னது இன்ஃபினிட்டிவ், பின்னது ஜெரண்ட். கைடு புத்தகங்கள்ல ரெண்டு பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிடுவாங்க. பட்டியல் மறந்துபோச்சுன்னா அடுத்த வழி, "காதுக்கு எது சரியாப் படுதோ அதைப் போடு". யார் காதுக்கு? கோம்பையில் பிறந்து, உத்தமபாளையம் தாண்டினாலே வெளியூர்னு நினைக்கிற பிள்ளை, வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே கேட்காம வளர்ந்தது. அதுக்கு எந்தக் காது? கான்வென்ட் பிள்ளைக்குக் காது இருக்கு, நமக்குப் பட்டியல்தான் இருக்குன்னா அது என்ன நியாயம்?

நம்மகிட்டயும் ஒரு காது இருக்கு, அது தமிழ்க் காது. இங்கே அது அருமையா வேலை செய்யும்.

"டீ குடிக்க வண்டியை நிறுத்தினான்." "டீ குடிப்பதை நிறுத்தினான்." இந்த ரெண்டையும் நம்ம ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளைகூடக் குழப்பிக்காது. முதலாவது "ஸ்டாப்டு டு டிரிங்க்", ரெண்டாவது "ஸ்டாப்டு டிரிங்கிங்". அவ்வளவுதான்! "தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச மறந்துட்டேன்"னு ஒருத்தர் சொன்னா பயிர் காயுது. "பாய்ச்சினதை மறந்துட்டேன்"னா ரெண்டாவது தடவையும் மோட்டாரைப் போட்டிருப்பார். "ஃபர்காட் டு வாட்டர்", "ஃபர்காட் வாட்டரிங்" வித்தியாசம் இதேதான்.

இன்னும் அழகானது "மறு". "வர மறுத்தான்" என்றால் ரெஃப்யூஸ், அதுக்கு "டு கம்". "வந்ததை மறுத்தான்" என்றால் டினை, அதுக்கு "கமிங்". ஆங்கிலத்துக்கு ரெண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் தமிழ் ஒரே சொல்லை வச்சுக்கிட்டு, பக்கத்தில் இருக்கிற வினையை மட்டும் மாத்தி ஒப்பேத்திருச்சு :)

"ட்ரை"யும் அப்படித்தான். கதவைத் "திறக்க முயன்றேன்" வேற, "திறந்து பார்த்தேன்" வேற. முன்னது "டு ஓப்பன்", பின்னது "ஓப்பனிங்". நம்ம வணிகக் கடிதப் பாடத்திலேயே "தெரிவிக்க வருந்துகிறோம்" வருது, அது "ரிக்ரெட் டு இன்ஃபார்ம்". நேத்து சொன்னதுக்கு இன்னிக்கு வருந்தினா "ரிக்ரெட் சேயிங்".

இதில் மாயம் ஒண்ணும் இல்லை. குடிக்க, வர, திறக்க என்பதெல்லாம் நன்னூல் சொல்ற "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சம். குடித்தல், குடிப்பது எல்லாம் தொழிற்பெயர் வேலை பார்க்கிறவை, அதனாலதான் "ஐ" உருபு ஏத்துக்குது. ஜெரண்ட்டும் பெயர்ச்சொல் மாதிரி நடக்கிற வினைதான். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிங்கர் 1968-ல் சொன்னதும் இதை ஒட்டித்தான் வருது: இன்ஃபினிட்டிவ் பெரும்பாலும் இனி நடக்கக்கூடியதை, நினைப்பில் இருக்கிறதைக் காட்டும், ஜெரண்ட் நடந்ததை, நடப்பதைக் காட்டும். ஸ்பானிஷ்காரங்க பாவம், அவங்க மொழியில் பெயர்ச்சொல் இடத்திலும் இன்ஃபினிட்டிவ்தான் வரும். நமக்கு ரெண்டும் தனித்தனியா இருக்கு. அதைத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் படிச்சுட்டு, அடுத்த மணி நேரம் ஆங்கில வகுப்பில் கதவுக்கு வெளியே விட்டுட்டு வரச் சொல்றாங்க. தமிழ் வாத்தியாரும் ஆங்கில வாத்தியாரும் இதைப் பத்தி ஒரே ஒரு நாள் பேசிக்கிட்டா என்ன?

காமர்ஸ் பிள்ளைங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு உண்டு. கடிதத்தின் கடைசி வரி: "லுக் ஃபார்வர்டு டு". பழக்கதோஷத்தில் "ஹியர்"னு எழுதிடுவாங்க, "ஹியரிங்" தான் சரி. இந்த "டு" இன்ஃபினிட்டிவோட "டு" கிடையாது, நம்ம நாலாம் வேற்றுமை "கு" மாதிரி. "பதிலுக்குக் காத்திருக்கிறோம்"ல வர்ற "கு"ன்னு வச்சுக்கங்க. சந்தேகம்னா அந்த இடத்தில் "யுவர் ரிப்ளை"ன்னு ஒரு பெயரைப் போட்டுப் பாருங்க. பொருந்தினா "இங்" வரும்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்குமான்னா, கொடுக்காது. "படிச்சு முடிச்சேன்" என்பதை வச்சு "ஃபினிஷ்" பின்னாடி "ரீடிங்" வரும்னு கண்டுபிடிக்க முடியாது. "போகலாம்னு சொன்னான்" என்பதில் "சஜெஸ்ட் கோயிங்" ஒளிஞ்சிருக்கிறது யாருக்கும் தெரியாது. "நீந்தப் பிடிக்கும்", "நீந்துவது பிடிக்கும்" ரெண்டுமே தமிழில் சரி; "லைக்" ரெண்டையும் ஏத்துக்கும், "என்ஜாய்" ஜெரண்ட்டை மட்டும்தான் ஏத்துக்கும். இந்த மாதிரிச் சொற்களை மட்டும் தனியா ஒரு தாளில் எழுதிச் சுவத்தில் ஒட்டிக்கங்க. கைடில் இருக்கிற பட்டியலை விட அது ரொம்பச் சின்னதா இருக்கும்.