கணக்கில் மார்க் ஏற வேண்டுமா? வரிசையைக் கலையுங்கள்!

"பையன் கணக்கில் வீக். அதற்காகத்தான் கம்ப்யூட்டரே வாங்கினோம். எந்த சாஃப்ட்வேர் போட்டால் மார்க் ஏறும்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன்தான் நான். இருந்தாலும் என் பதில், காசு கொடுத்து எதையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்பதே.

அமெரிக்கக் கல்வித் துறை 2007-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. பாட சாஃப்ட்வேர் பயன்படுத்திய வகுப்புகளையும் பயன்படுத்தாத வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டில் கணக்குத் தேர்வு மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எதுதான் மார்க்கை ஏற்றுகிறது? பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கூம்பின் கன அளவு பற்றிய பயிற்சியில் எல்லாமே கூம்பின் கன அளவுதான். கேள்வியைப் படிக்காமலே சூத்திரத்தைப் போட்டுவிடலாம். தேர்வில் அப்படியா வருகிறது? கூடாரத்துக்கு எவ்வளவு துணி என்றால் வளைபரப்பு, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்றால் கன அளவு. எதைப் போடுவது என்று முடிவு செய்வதில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். அந்த முடிவெடுக்கும் பயிற்சியைப் புத்தகத்தின் வரிசை தருவதே இல்லை.

இதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டக் ரோரர் என்ற பேராசிரியரும் அவரோடு பணியாற்றியவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த ஆய்வில் ஏழாம் வகுப்புப் பிரிவுகள் 54 கலந்துகொண்டன. ஒரு பாதி, வகை வகையாகப் பிரித்த கணக்குகளைப் போட்டது. மறு பாதிக்குப் பல வகைகளைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்களின் சராசரி 61 சதவீதம், மற்றவர்களுக்கு 38.

இந்தக் கலைக்கும் வேலைக்கு உங்கள் கம்ப்யூட்டர் போதும். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க் போதுமானது. முதல் காலத்தில், நடத்தி முடித்த பாடங்களின் பயிற்சி எண், கணக்கு எண்ணை வரிசையாக டைப் செய்யுங்கள். கணக்கையே டைப் செய்ய வேண்டாம், புத்தகம்தான் கையில் இருக்கிறதே! பக்கத்துக் காலத்தில் சமக்குறி போட்டு, ரேண்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு வெற்று அடைப்புக்குறி ஜோடியைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். அதைக் கடைசி வரி வரை காப்பி செய்யுங்கள். இரண்டு காலங்களையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து, இரண்டாவது காலத்தின்படி வரிசைப்படுத்துங்கள். சீட்டுக்கட்டைப் போலக் கலைந்துவிடும். (சார்ட் செய்த பிறகு அந்த எண்கள் மறுபடி மாறும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.) மேலிருந்து பத்துக் கணக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடலாம். போட வேண்டியது நோட்டில்தான். போட்டு முடித்ததும் விடையைச் சரிபார்ப்பது முக்கியம்.

ஒரு வகை அறவே புரியாத நிலையில் கலக்காதீர்கள். முதலில் அதே வகையில் நாலைந்து கணக்கு போடட்டும்.

பெற்றோர்களே, ஆரம்பத்தில் தப்பு அதிகமாகத்தான் வரும். ரோரர் 2007-ல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், பயிற்சியின்போது கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள், வகை பிரித்துப் போட்டவர்களோ 89. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அது தலைகீழாகி 63-க்கு 20 ஆனது. ஆகவே முதல் வாரத்து நோட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

மூன்றாவது காலம் ஒன்று வைத்து, தப்பான கணக்குகளுக்கு எதிரே ஒரு குறி போடச் சொல்லுங்கள். மொத்த சராசரி 65 என்றால் எதுவும் புரியாது. இயற்கணிதத்தில் 90, அளவியலில் 40 என்று பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த வாரம் எந்தப் பயிற்சியை அதிகம் சேர்ப்பது என்று தெரியும்.