தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள்

கடவுள் மனிதரானார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் ஆணிவேரான நம்பிக்கை. அதை எந்தச் சொல்லால் சொல்வது என்பதில் பண்டிதர்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், இயேசு கடவுளுக்குத் தாழ்ந்தவர் என்ற ஆரியுஸின் கொள்கையைத் தள்ளினார்கள். 451-ல் கால்செதோனில் கூடியவர்கள், அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்று வரையறுத்தார்கள்.

சரி. எட்டுப் பேர் தங்கும் அறையில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் தமிழருக்கு இந்த நம்பிக்கை என்ன தருகிறது? டிசம்பரில் காகித நட்சத்திரம் கட்டுவதோடு முடிந்துவிடுகிறதா?

இயேசு போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்கா. அதன்பின் அவர் ஊர் ஊராகப் போதித்தது மூன்று ஆண்டுகள் என்பது வழக்கமான கணக்கு. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு, பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்துக்குப் போய்வந்ததைத் தவிர, இடைப்பட்ட காலத்தைப் பற்றி நற்செய்திகள் வாய் திறப்பதில்லை. அற்புதம் இல்லை, கூட்டம் இல்லை. நாசரேத்து என்ற சிற்றூரில் தச்சு வேலை. மாற்கு எழுதிய கிரேக்கச் சொல் மரவேலையோடு கட்டட வேலையையும் குறிக்கும். பின்னாளில் அவர் சொந்த ஊரில் போதித்தபோது, தச்சன்தானே இவன் என்று ஊராரே இளப்பமாகப் பேசினார்கள்.

மேற்பார்வைக்கு வந்துபோகும் பெரிய அதிகாரியைப் போல் கடவுள் வரவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மாட்டுத் தொழுவத்தை எல்லாரும் ஜோடிக்கிறார்கள். பட்டறையை யாரும் ஜோடிப்பதில்லை. (தமிழுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. வீரமாமுனிவர் தேம்பாவணியில் தச்சரான சூசையப்பரையே காப்பியத் தலைவராக்கினார்.) அரசாங்கப் பதிவுக்காகப் பிள்ளைத்தாய்ச்சியுடன் வெகுதூரப் பயணம், பிறகு உயிருக்கு அஞ்சி எகிப்தில் பிழைப்பு. ரேஷன் கார்டுக்காக முகவரிச் சான்று தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இயேசுவே பாடுபட்டு உழைத்தார், நீயும் பொறுத்துக்கொள் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வோர் உண்டு. இது நம்பிக்கையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். களைப்பும் பசியும் அறிந்த இந்த உடலையே கடவுள் எடுத்துக்கொண்டார் என்றால், அதற்குரிய கூலியையும் ஓய்வையும் மறுப்பவரே முதலில் கணக்குக் கொடுக்க வேண்டும். மத்தேயு வர்ணிக்கும் இறுதித் தீர்ப்பில் கேட்கப்படுவது ஜெபக் கணக்கு அல்ல. பசித்தவனுக்குச் சோறிட்டாயா, அந்நியனை ஏற்றுக்கொண்டாயா என்பதுதான்.

இந்தக் கேள்வி முதலாளியோடு நின்றுவிடாது. தமிழர் தலைமுறைகளாக வாழும் தாராவியின் சந்துகளுக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேருகிறார்கள். ஒரு காலத்தில் தமிழரைப் பார்த்துச் சொன்ன ஏச்சுகளை இப்போது தமிழரில் சிலரே அவர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். வருகிற கிறிஸ்துமஸில் அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், அடுத்த அறையில் தங்கியிருக்கும் அந்தப் பையன்களில் இரண்டு பேரையாவது மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம்.