தோட்டத்து நிலமும் சூரிய மின்சாரமும்

மரங்களைச் சாய்க்கிறார்கள் என்றால் தோட்டத்து மக்களுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: வீடமைப்புத் திட்டம் வருகிறது. இப்போது இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. கெடாவில் குரூண், புக்கிட் செலம்பாவ், சிலாங்கூரில் கோல லங்காட் என்று ரப்பருக்கும் செம்பனைக்கும் பேர்போன வட்டாரங்களில் இன்று சூரிய மின்தகடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. கோல லங்காட்டில் தெனாகா நேஷனல் 2018இல் இயக்கத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கே ஏறக்குறைய 240 ஏக்கர் பிடித்தது. சிறிய தோட்டம் ஒன்றின் பரப்பு அது.

2050ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்று 2023இல் அரசாங்கம் இலக்கு வகுத்தது. ஆகவே இன்னும் நிறைய நிலம் கேட்பார்கள். அதிலும் தோட்ட நிலத்தைத்தான் முதலில் கேட்பார்கள். காடு அழிந்தது என்ற பழி வராது. பாதை ஏற்கெனவே இருக்கிறது. பேரம் பேசவேண்டிய சொந்தக்காரர் ஒருவரே.

நான் இதற்கு எதிரியல்லன். நிலக்கரியை இறக்குமதி செய்து எரிப்பதைவிட நம் தலைமேல் கொட்டுகிற வெயிலைப் பிடித்து வைப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மின்பொறியியல் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதில் வேலையும் உண்டு. என் கவலை தகடுகளைப் பற்றியதன்று. தகடுகள் வருவதற்கு முன்பே காகிதத்தில் நடந்து முடிந்துவிடும் ஒரு காரியத்தைப் பற்றியது.

தீபகற்ப மலேசியாவில் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. மின்சாரம் 'விளையும்' நிலம் ஒன்று வரும் என்று அன்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். வேளாண்மை நிலத்தில் மின்நிலையம் கட்ட வேண்டுமானால் நிலத்தின் வகையையோ அதன் நிபந்தனையையோ மாற்ற வேண்டும். நில உரிமையாளர் விண்ணப்பிப்பார். மாநில அரசு முடிவு செய்யும். மின்சாரம் மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில். இடையில், அந்த மண்ணில் குடியிருப்பவர் யார் கையில்?

கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. தோட்டத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். பால்வெட்டும் வேலையையும் பழம் அறுக்கும் வேலையையும் இன்று பல தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் செய்கிறார்கள் என்பதால், சூரிய நிலையம் வந்து நம்மவர் பிழைப்பைப் பறித்தது என்று சொல்வது பொருந்தாது. பறிபோவது வேறு. ஓய்வுபெற்றபின் போக்கிடமின்றி லயத்து வீட்டிலேயே தங்கிவிட்ட முதியவர்கள், தோட்டத்து நிலத்தில் எழுந்த மாரியம்மன் கோயில், தனியார் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளி, இடுகாடு. நிலப்பட்டாவில் இவற்றில் பலவற்றுக்குத் தனி இடமில்லை. பட்டாவைப் பார்த்து முடிவெடுப்பவர் கண்ணுக்கு அது 240 ஏக்கர் செம்பனை மட்டுமே.

ஆட்சேபிக்கலாமே என்பீர்கள். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வட்டாரத் திட்டம் நடைமுறையில் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உரிமையாளர்கள்! மூன்று தலைமுறையாக அந்த லயத்தில் வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர். இந்தச் சொல்லைத்தான் நான் குறை சொல்கிறேன். அதே நிலத்தில் குடியிருப்பவருக்கும், அங்குள்ள கோயிலுக்கும், பள்ளி வாரியத்துக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துவதில் யாருக்கு என்ன நட்டம்? முதலீட்டாளருக்கும் அது நல்லதுதான். மண்வாரி இயந்திரம் வந்து நின்றபிறகு கோயில் வாசலில் மறியலைச் சந்திப்பதைவிட, வரைபடத்திலேயே இரண்டு ஏக்கரை ஒதுக்கிவிடுவது மலிவு.

இன்னொன்று. தொடக்கக் கட்ட சூரிய நிலையங்களின் மின் விற்பனை ஒப்பந்தங்கள் 21 ஆண்டுக்கானவை. தகடுகளை ஒருநாள் கழற்றிவிடலாம். ஆனால் 'தொழில்' என்று ஒருமுறை மாறிய நிலம் தானாக வேளாண்மைக்குத் திரும்புவதில்லை. தகடுகளுக்குப்பின் அங்கே தொழிற்சாலையோ கிடங்கோ வரலாம். அப்போது வகை மாற்றம் பற்றிய கேள்வியே எழாது. ஆகவே சூரிய நிலையத்துக்குத் தரும் அனுமதி ஒப்பந்தக் காலத்தோடு முடிய வேண்டும் என்பது என் கருத்து. அடுத்து வருபவர் மீண்டும் விண்ணப்பிக்கட்டுமே.

சட்டம் திருந்தும்வரை நமக்குள்ள வாசல் ஒன்றுதான். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் வட்டாரத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். எந்த நிலம் எதற்கு என்று நிறம் தீட்டப்படுவது அந்த வரைபடத்தில்தான். குறைந்தது நான்கு வாரம் அது பார்வைக்கு இருக்கும். அப்போது பட்டா இல்லாதவரும் எழுதிக் கொடுக்கலாம். திட்டம் அரசிதழில் வெளியானபின் பக்கத்து உரிமையாளருக்குக்கூட அறிவிப்பு அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், இந்த நான்கு வாரத்தின் அருமை புரியும். கண்காட்சி அறிவிப்பு நாளேட்டில் ஒரு மூலையில் வரும். நாம் அந்த மூலையைப் படிப்பதில்லை.

சட்டம், நில அளவை, நகரத் திட்டமிடல் படிக்கும் பிள்ளைகள் நம் பேரவையிலேயே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் தோட்டத்துப் பள்ளிகளுக்குப் போய்த் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். அதே பயணத்தில் அந்தப் பள்ளி நிற்கும் நிலத்தின் நிறம் என்ன என்று மாவட்ட மன்றத்தில் பார்த்துவிட்டு வரலாம். வரைபடமும் விளக்கமும் மலாயில்தான் இருக்கும். பொறுமையாகப் படித்தால் புரியும். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். வார இறுதியில் ஊருக்குப் போகும் மாணவர்கள் பேருந்து ஏறுமுன் ஒரு மணிநேரம் அங்கே போய்வரலாம்.