பாலம் சரி, நடந்து போறவங்க?

பாடியிலிருந்து திருநின்றவூர் வரை சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்துங்கன்னு கேட்டு வருஷக்கணக்காச்சு. நிலம் எடுக்கிறதுலயே காலம் போச்சு. பட்டாபிராம் ரயில்வே மேம்பாலமும் இழுத்தடிச்சுத்தான் எழும்புச்சு. (இந்த மாதிரிப் பாலங்கள்ல தண்டவாளத்துக்கு மேல ரயில்வே கட்டணும், ரெண்டு பக்கச் சரிவையும் நெடுஞ்சாலைத்துறை கட்டணும். சேர்ந்து முடிச்சாத்தானே பாலம்!)

அகலமான ரோடு எனக்கும் வேணும். மாரடைப்புல ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஆம்புலன்ஸ் மூடின கேட்ல நிக்கிற நேரமெல்லாம் உள்ள இதயத்தசை செத்துக்கிட்டிருக்கு.

ஆனா ஒண்ணு கவனிங்க. மேம்பாலம் திறந்ததும் பொதுவா ரயில்வே கேட்டை நிரந்தரமா மூடிடுவாங்க. இத்தனை நாள் அது வழியா நடந்து போன பாட்டியும் சைக்கிள்ல ஸ்கூல் போற பையனும் எங்க போவாங்க? முழங்கால் தேஞ்ச அம்மா லாரிகளுக்கு நடுவுல அவ்வளவு நீளப் பாலத்தை ஏறி இறங்க மாட்டாங்க. தண்டவாளத்தைத்தான் தாண்டுவாங்க. ரயில் அடிச்ச கேஸ் எங்ககிட்ட உயிரோட வர்றது அபூர்வம்.

உங்க கவுன்சிலர்கிட்ட, எம்.எல்.ஏ.கிட்ட ரோடு எத்தனை லேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட் இருந்த இடத்துல நடக்கிறவங்களுக்குச் சுரங்கப்பாதை எப்போ, அகலமான ரோட்டைக் கடக்க சிக்னல் எங்கேன்னு கேளுங்க. கேட்டை மூடுறதுக்கு முன்னாடியே கேளுங்க.