பழைய காருக்குத் தடித்த ஒயிலா?

"பழைய கார்தானே தம்பி, தடிச்ச ஒயிலாப் பாத்து விடும்." முதல் கார் வாங்கினால் யாராவது ஒரு மாமா இதைச் சொல்லியே தீருவார். மாமாவை மதியுங்கள். இந்தப் புத்திமதியை மட்டும் யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிடுங்கள். ஒஸ்டின் ஏ40 ஓடிய அந்தத் தெருக்களில் ஸ்னோ கொட்டியதில்லை.

போத்தலில் 5டபிள்யூ-30 என்று இருக்கும். டபிள்யூ என்றால் வின்டர். முன்னால் உள்ள இலக்கம் குளிருக்கு. சிறிதாக இருந்தால் ஒயில் குளிரிலும் இலகுவாக ஓடும். 5டபிள்யூவை மைனஸ் 30 பாகையில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15இல்தான். ரொறன்ரோவில் மைனஸ் 20 அடிக்கும் காலையில் 20டபிள்யூ-50 உறைந்த தேன் மாதிரி. ஸ்டார்ட் பண்ணியதும் அது எஞ்சினின் மேற்பகுதிக்கு ஏறச் சுணங்கும். அந்த நேரத்தில்தான் தேய்மானம்.

பின்னால் உள்ள இலக்கம் சூடான எஞ்சினுக்கு. தேர்மோஸ்டாட் இருப்பதால் அந்தச் சூடு யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். 2005 கொரொல்லாவின் கைநூல் 5டபிள்யூ-30 என்கிறது. கார் கிழடாகிவிட்டது என்பதற்காக அதை மாற்ற வேண்டியதில்லை.

கார் ஒயில் குடிக்கிறதா? அப்படியென்றால் மாமா அரைவாசி சரி. கைநூல் இடம் கொடுத்தால் 30ஐ 40 ஆக்கலாம். முன் இலக்கத்தில் கைவைக்காதீர்கள். காஸ் அடிக்கப் போகும்போது டிப்ஸ்டிக்கையும் ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். கார் நின்ற இடத்தில் கறுப்புச் சொட்டுகள் கிடந்தால் மாற்ற வேண்டியது ஒயிலை அல்ல, சீலை.