காலி பண்ண வழி இருக்கா?

அப்ளிகேஷன் எழுதியாச்சு, எந்த க்ளவுடுல ஏத்தலாம்னு கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. என் கட்சி இதுதான் மக்களே: குடிபோறது எவ்வளவு சுலபம்னு பாக்காதீங்க, காலி பண்றது எவ்வளவு சுலபம்னு பாருங்க.

2006-ல் வந்த அமேசான் ஈசி2 வெறும் மனை மாதிரி. சர்வர் கிடைக்கும், ஓஎஸ் அப்டேட், பேக்கப் எல்லாம் நம்ம தலையில. 2008-ல் வந்த கூகுள் ஆப் எஞ்சின் கட்டி முடிச்ச வீடு. ஆனா ஆரம்பத்துல பைத்தான் மட்டும்தான், டேட்டாவும் அவங்க டேட்டாஸ்டோர்லதான். வெளிய வரணும்னா டேட்டாவைத் தொடுற கோடு அத்தனையும் திருப்பி எழுதணும். ஹெரோக்குல ஒரு கிட் புஷ், வேலை முடிஞ்சுது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்ங்கறதால, டம்ப் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடலாம்.

கிளம்புற பேச்சு எதுக்குங்கறீங்களா? ஃபேஸ்புக் வாங்கின பார்ஸ் 2017 ஜனவரியில மூடுச்சு. ஒரு வருஷம் முன்னாடியே சொல்லி, சர்வர் கோடையும் ஓப்பன் சோர்ஸா குடுத்ததால வெளியேற வழி இருந்துச்சு. ஹெரோக்குவே 2022 நவம்பர்ல இலவசத் திட்டத்தை நிறுத்திடுச்சு.

தனியாளா எழுதுறவங்க சர்வர் பராமரிப்புல ராத்தூக்கம் கெட வேண்டாம், கட்டின வீட்டுக்கே போங்க. ஆனா முதல் நாளே டாக்கர்ல கட்டி வைங்க, பேக்கப்பை வேற இடத்துல போடுங்க. வீட்டுக்காரர் நல்லவராவே இருக்கட்டும். வீடு நம்மளது இல்லையே!

நீங்க என்ன சொல்றீங்க?